ஏழு வீட்டுக் கதவும் ஒரு கையெழுத்தும்

சரவணா,

உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் பாதியில் ஓடிவிடுவாய். உன் அப்பனுக்கு இப்போது வந்திருக்கிற கோபத்தை நம் பாத்திகளில் இறைத்துவிட்டால் ஒரே மத்தியானத்தில் மரக்காணத்து உப்பளம் முழுவதும் காய்ந்து உப்பாகிவிடும். சூரியன் வேறு ஊரில் வேலை தேடிக்கொள்ள வேண்டியதுதான். இதை உனக்கு மட்டும் தனியாக அனுப்பியிருக்கலாம். உன் அம்மாவும் அதைத்தான் சொன்னாள். "ஊரு பாக்க ஏன் எழுதுற, புள்ள மானம் போவுது" என்றாள். நான் கேட்கவில்லை. நீ தொழில் செய்கிற இடத்தில் ஒரு மேசையில் பேசுவது எல்லா மேசைக்கும் கேட்கிறது. அப்படிப்பட்ட கூடத்தில் உட்கார்ந்து ஏழு குடும்பத்தின் விஷயத்தை முடித்திருக்கிறாய். பொதுவில் நடந்த காரியத்துக்குப் பொதுவிலேயே பதில் எழுதி, நம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லிவிட்டேன். படிக்கிற மற்றவர்கள் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளட்டும். காதில் விழுந்தால் விழட்டும். நீளமாக இருக்கிறது என்று முனகுகிறவர்கள், முதலில் தினம் காலையில் ரோஜாப்பூப் படம் அனுப்புவதை நிறுத்தட்டும்.

விஷயம் இதுதான். வருகிற திங்கட்கிழமை நீ உன் டிராவல் மார்க்கெட்டிங் தொழிலைப் பக்கத்து மேசைக்காரரின் கம்பெனியோடு சேர்த்துவிட்டு, அவரிடம் சம்பளத்துக்குப் போகக் கையெழுத்துப் போடப் போகிறாய். உன்னை மட்டும் சேர்க்கவில்லை. உன் பேச்சை நம்பி வீட்டு மாடியில் ரூம் கட்டி விருந்தாளிகளை வைத்துக்கொண்டிருக்கிற ஏழு வீடுகளையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கிறாய். அந்த ஏழு வீட்டுக்காரர்களும் சம்மதம் சொல்லிவிட்டார்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறாய். அவர்கள் சொல்லவில்லை. அது உனக்கும் தெரியும். என் கோபம் அங்கேதான் கொதிக்கிறது. மற்றதெல்லாம் அடுப்பைச் சுற்றி இருக்கிற சூடு.

முதலில் உன் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பம். நீ பிறந்தபோது போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரி ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது; பக்கத்துத் தெருவில் ஒரு எருமை கன்று போட்டது; கடலுக்குப் போயிருந்த படகுகள் எல்லாம் புயல் எச்சரிக்கை என்று நினைத்துக் கரைக்குத் திரும்பின. நான் கூட்டிச் சொல்வதாக உன் அம்மா சொல்கிறாள். இரண்டு படகு திரும்பியது உண்மை. நம் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசிப் பழகியதில்லை, பழகவும் முடியாது. உப்பளத்தில் மரம் இல்லை, சுவர் இல்லை. கடலிலிருந்து கிளம்புகிற காற்று நம் வாயிலிருந்து பேச்சைப் பிடுங்கிக்கொண்டு கழுவெளி ஏரிப் பக்கம் ஓடிவிடும். மோட்டார் கொட்டகையில் நிற்கிறவன் கடைசிப் பாத்தியில் நிற்கிறவனிடம் "தண்ணி போதும்" என்று சொல்வதற்கு அடிவயிற்றிலிருந்து சத்தத்தை வாரி எடுக்க வேண்டும். நம் ஊர்ப் பக்கம் குசுகுசுவென்று பேசுகிறவர்கள் ஒரே ஒரு சாதிதான்: ஈ.சி.ஆர். ஓரத்து டீக்கடையில் உட்கார்ந்து, இல்லாதவனுடைய நிலத்தை இருக்கிறவனுக்கு விலை பேசுகிற புரோக்கர்கள். மற்ற எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். மறைக்க ஒன்றும் இல்லாதவர்களின் சுகம் அது.

அப்படிக் கத்தியும் பாதி கேட்காது. அதற்கு நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. உனக்குத் தெரியும், பக்கத்து மேசைகளுக்காகச் சொல்கிறேன். தூரத்தில் நிற்கிறவன் எதையோ கத்தினால், ஒரு வார்த்தை காதில் விழாவிட்டாலும் கையைத் தூக்கி ஆட்டி, சரி சரி என்று சொல்லிவைப்போம். பாவம், அவன் தொண்டை கிழியக் கூடாது. பிறகு வேலையை விட்டுவிட்டு வரப்பில் நடந்து அவன் பக்கத்தில் போய் நின்று, "இன்னா சொன்ன?" என்று கேட்போம். பேச்சு அப்போதுதான் ஆரம்பம். கடற்கரைக் குப்பத்திலும் இதே பழக்கம்தான். அங்கே காற்றுக்குத் துணையாக அலையும் கத்துகிறது. போனிலும் அப்படியே. இரைச்சலில் கேட்காவிட்டால், சரிப்பா சரிப்பா என்று வைத்துவிட்டு, ஆள் நேரில் வரட்டும் என்று இருப்பார்கள். நடக்கத் தெரிந்த வயதிலிருந்து நீயும் வரப்பில் ஓடிவந்து என் லுங்கியைப் பிடித்து இழுத்து, "இன்னாப்பா சொன்ன?" என்று கேட்டவன்தான்.

நீ சென்னையில் டிராவல்ஸ் கம்பெனி வேலையை விட்டுவிட்டுப் பெட்டியோடு வந்து இறங்கிய நாள் நினைவிருக்கிறதா? அதுவரை ஊருக்கு ஊர் துபாயும் மலேசியாவும் விற்றுக்கொண்டிருந்தவன், "இனிமே ஜனங்கள நம்ம பக்கம் கூட்டியாரப் போறேன்" என்றாய். நான் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலை வாசலைத் தாண்டிப் போய் விழுந்தது. "இங்க இன்னாடா இருக்குது பாக்க? வெயிலும் உப்பும். ரெண்டுக்கும் டிக்கெட் போடப் போறியா?" என்றேன். "ஆமா, அதுக்குத்தான்" என்றாய். பிறகு பெரிய முதலியார்சாவடியில் ஒரு பங்கு ஆபீசில் நாற்காலி பிடித்தாய். கோ-ஒர்க்கிங் என்று சொன்னாய். மாசத்துக்கு ஒரு நாற்காலியும் மேசையில் ஒரு பக்கமும் உனக்கு. கதவு உனக்கு இல்லை, காற்றாடி உனக்கு இல்லை, காபி மெஷின் எல்லோருக்கும். ஒருவருக்கொருவர் பெயர் தெரியாமல் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிற இப்படி ஒரு குடித்தனத்தை நான் ரயில்வே ஸ்டேஷனுக்கு வெளியே பார்த்ததே இல்லை. ஆனாலும் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் நின்று, "எம் புள்ளைக்கு பாண்டி பக்கத்துல ஆபீசு" என்று நான் சொன்னது திண்டிவனம் வரை கேட்டிருக்கும்.

தொழில் ஓடியதற்குக் காரணம் உன் குரல்தான் என்பது என் தீர்ப்பு. ஏழுமலை வீட்டு ரூமுக்கு முதல் முதலாகப் போன் வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஏழுமலை யார் என்று ஊருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு: கடலுக்குப் போகிறவன், என்னை அண்ணன் என்று கூப்பிடுகிறவன், உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா காட்டியவன். நீ வீடியோ எடுத்துப் போடுகிறேன் என்று சொன்ன ஒரே வார்த்தைக்காகத் தன் வீட்டு மாடியில் இரண்டு ரூம் எழுப்பியவன். பெங்களூரிலிருந்து யாரோ கேட்டார்கள். நீ தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி பதில் சொன்னாய்: "ஏசி இருக்குதுங்க, கரண்டு இருந்தா ஓடும். குளிக்கிற தண்ணி கொஞ்சம் உப்பா இருக்கும். விடியறதுக்கு முன்னாடி படகு எஞ்சின் சத்தம் கேக்கும், தூக்கம் போவும். மீன் வாசன வரும். இதெல்லாம் வாணாம்னா சொல்லுங்க, நானே வேற நல்ல ஓட்டலா பாத்துத் தரேன்." தொழில் அன்றோடு செத்தது என்று நினைத்தேன். ஆனால் அவர்கள் வந்தார்கள். ஏழுமலையின் மனைவி செல்வி வைத்த நண்டுக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, கண்ணில் தண்ணீரோடும் மூக்கில் தண்ணீரோடும் இன்னொரு நாள் தங்கினார்கள். போய் அவர்கள் ஊரில் சொன்னார்கள். இந்த நாட்டில் விளம்பரம் செய்கிற அத்தனை பேரும் இனிப்பு தடவிப் பேச, நீ ஒருவன்தான் தண்ணீர் உப்பு என்று கத்தி விற்றாய்.

தப்பு செய்தாலும் சத்தமாகச் செய்தாய், சத்தமாகவே திருத்தினாய். ஒருமுறை உன் இணையப் பக்கத்தில் என் படத்தைப் போட்டு, 'அழிந்து வரும் உப்புத் தொழிலின் கடைசி மனிதர்' என்று எழுதியிருந்தாய். நான் அன்று குதித்த குதியில் பூமி கொஞ்சம் தெற்கே நகர்ந்தது. "நான் கடேசின்னா எனக்குப் பின்னால சோத்துத் தூக்கோட வரிசையா நிக்கிறானுங்களே, அவனுங்கல்லாம் பேயாடா?" என்று கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அன்றைக்கே அதை எடுத்துவிட்டு, 'இவர் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார், வருகிறவர்கள் காதுக்குப் பஞ்சு கொண்டு வரவும்' என்று மாற்றிப் போட்டாய். அதைப் பார்த்துவிட்டு ஒரு குடும்பம் பஞ்சோடு வந்தது. அந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது. அவன் எங்கே போனான் என்றுதான் கேட்கிறேன்.

எங்கே போனான் என்று எனக்கே தெரியும். மிதி யோசனை போன இடத்துக்குப் போனான். மழைக்காலம் முடிந்ததும் நாம் பாத்தியின் அடிமண்ணை மிதித்து இறுக்குவோம் இல்லையா, வரிசையாகத் தோளோடு தோள் நின்று, களிமண் கல்லாகும் வரை? அதில் விருந்தாளிகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று உனக்குத் தோன்றியது. வெறுங்காலோடு வந்து நம் ஆட்களோடு நின்று மிதிக்க வேண்டியது, பிறகு ஏழு வீட்டிலும் பிரிந்து போய்ச் சாப்பிட வேண்டியது, கால் வலிக்க வலிக்கத் தூங்க வேண்டியது. காசு கொடுத்துக் கால்வலி வாங்க ஆள் வருமா என்று எல்லோரும் கேட்டோம். வரும் என்றாய். அது பெரிய மூளை, ஒப்புக்கொள்கிறேன். என் பக்கத்திலிருந்து வந்தது. ஆனால் அந்த மூளையில் இருந்ததை எல்லாம் நீ அந்தக் கூடத்தில் நின்று, மோட்டார் கொட்டகையிலிருந்து கடைசிப் பாத்திக்குச் சொல்கிற சத்தத்தில், ஏழுமலைக்குப் போனில் விளக்கியிருக்கிறாய். எந்த வாரம், எத்தனை பேர், என்ன பாட்டு, என்ன சாப்பாடு, எல்லாம். பக்கத்து மேசைக்காரர் காதில் இயர்போன் இருந்ததாம். அதில் பாட்டு இல்லை போலிருக்கிறது.

பொங்கல் வருவதற்குள் ஈ.சி.ஆரில் ஒரு பெரிய ரிசார்ட்டின் பெயரில் உன் யோசனை விளம்பரமாக வந்தது. விளம்பரம் செய்தவர் அதே பக்கத்து மேசைக்காரர். நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டிக் களிமண் கொட்டி, அதில் பன்னீர் ஊற்றி, பட்டு வேட்டி கட்டிய ஒருவன் மேளம் அடிக்க, சென்னைக்காரர்கள் மிதித்தார்கள். மிதித்துவிட்டு ஷவரில் குளித்தார்கள். அந்த மண்ணில் கடைசி வரை ஒரு கல் உப்பு விளையவில்லை என்பதை இந்த உலகத்துக்கு அறிவிக்கிறேன். நம் பாத்திக்கு ஒருவரும் வரவில்லை. அன்று நீ இரவு சாப்பிடவில்லை. நான் உன்னிடம் சொன்னது இதுதான்: "திருடனது அவன் காது. உன் தொண்ட ஒரு தப்பும் பண்ணல." நீ அதை ஏற்கவில்லை. உன் தொண்டைதான் குற்றவாளி என்று முடிவு கட்டினாய். ஏற்கெனவே ஆபீசைப் பார்த்துக்கொள்கிற அம்மாள், சிரிக்கிற பொம்மை போட்டு, சற்றே மெதுவாகப் பேசுங்கள் என்று உனக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். போன் பேசுவதற்கென்று அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. ஆள் உள்ளே நின்று வாயைத் திறந்து மூடுவது தெரியும், சத்தம் வராது, மீன் தொட்டி மாதிரி. நீ அதற்குள் போனாய். திரும்பி வந்தவன் என் பிள்ளை இல்லை.

வீட்டிலும் அப்படியே ஆனாய். ஒரு நாள் சாப்பாட்டில் நீ ஏதோ சொன்னாய். உன் அம்மா கரண்டியோடு நின்றாள்.

"இன்னாடா?"

"ஒண்ணுல்லம்மா. கொஞ்சம் ரசம்."

"ரசம் கேக்கறதுக்கு ஏன்டா இப்படி எழவு வீட்டுல பேசுற மாதிரி பேசுற? ஒடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். உனக்குக் காய்ச்சல் இல்லை. மரியாதை வந்திருந்தது. மரியாதையாகப் பேசுவது என்றால் அடுத்தவன் காதில் விழாமல் பேசுவது என்று யாரோ உனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அப்போதே உன்னை உலுக்கிக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் தொழிலில் அடிபட்டவன், கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் ஏழுமலை உப்பளத்துக்கு வந்தான். நான் உப்பு வாருகிறவர்களோடு நின்றுகொண்டிருந்தேன். வழக்கமாகத் தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு வருகிறவன், அன்று பக்கத்தில் வந்து நிற்கும் வரை பேசவில்லை.

"அண்ணா, நம்ம சரவணனுக்கு தொண்ட கட்டிகிச்சா?"

"ஏம்பா?"

"ரெண்டு நாளைக்கு முன்னாடி போன் பண்ணான். நான் வலைய இழுத்துகினு இருந்தேன். ஒரே காத்து. ஏதோ கம்பெனி, ஏதோ சேருறோம்னான். மீதி ஒண்ணுமே கேக்கல. அவ்ளோ மெதுவா பேசுறான்."

"நீ இன்னா சொன்ன?"

"சரிப்பா சரிப்பான்னு சொல்லி வெச்சேன். நேர்ல வருவான்ல, அப்போ கேட்டுக்கலாம்னு. இன்னும் வரல. அதான் உன்ன பாத்துக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

உனக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மீட்டிங் என்று ஒரு வரி வந்தது. மறுநாள் பஸ் ஏறி உன் ஆபீசுக்கு வந்தேன். நீ சென்னையில் ஏதோ ஓட்டலைப் படம் எடுக்கப் போயிருந்தாய்; ஒரு வாரம் கழித்துத்தான் திரும்புவாய் என்றார்கள். ஆபீஸ் அம்மாள் நல்லவர். உன் நாற்காலியில் உட்கார வைத்து, இஞ்சி வாசனை அடிக்கிற மஞ்சள் தண்ணீர் ஒன்று கொடுத்தார். அது என்ன நோய்க்கு என்று கடைசி வரை சொல்லவில்லை. நான் "ரொம்ப நன்றிம்மா" என்றேன். பதினைந்து தலைகள் கம்ப்யூட்டரிலிருந்து ஒரே சமயத்தில் நிமிர்ந்தன. மூலையில் ஒரு வெள்ளைக்காரர் கையிலிருந்த காபியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். அப்போது பக்கத்து மேசைக்காரரே எழுந்து வந்தார். கொம்பும் வாலும் இருக்கும் என்று எதிர்பார்த்து வந்தவன் நான். இல்லை. அரைக்கால் சட்டை, அழகான தாடி, பஞ்சில் சுற்றிய பேச்சு.

"அங்கிள், நீங்க சரவணன் அப்பாவா? உங்க போட்டோ பாத்திருக்கேன். உக்காருங்க."

என்ன கம்பெனி, யார் யாரோடு சேருகிறார்கள் என்று கேட்டேன். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்துத் தமிழில் பொறுமையாகச் சொன்னார். உன் பக்கமும் உன் வாடிக்கையும் அவர் கம்பெனிக்கு. உனக்கு மாசச் சம்பளம், கையெழுத்து திங்கட்கிழமை. ஏழு வீடுகளும் ஐந்து வருஷத்துக்கு அவர் வழியாக மட்டுமே ஆள் எடுக்க வேண்டும். நேரில் கதவைத் தட்டுகிறவனைத் தங்க வைக்கக் கூடாது. வாடகையை அவர் வைப்பார். வீட்டுப் பெயர்ப் பலகை மாறும். சாப்பாடு அவர் கொடுக்கிற பட்டியல்படி. நண்டு கிடையாது, ரூமில் வாசனை நிற்கிறதாம். எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. என் வாழ்நாளில் இப்படி நின்றது இது இரண்டாவது தடவை; முதல் தடவை உன் அம்மா என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தபோது.

"இதுக்கு அவங்கல்லாம் ஒத்துக்கிட்டாங்களா தம்பி?"

"ஓ, எல்லாரும் ஓகே அங்கிள். சரவணனே ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி எக்ஸ்பிளைன் பண்ணிட்டார். இங்கதான், அந்த பூத்துல நின்னு பேசினார். எல்லாரும் சரின்னு சொல்லிட்டாங்களாம்."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லையா என்று கேள். வந்தது. மிதி யோசனைக்காக அவரைத் தூக்கி அந்தப் பன்னீர்க் குழியில் நட வேண்டும் என்று கை துறுதுறுத்தது. ஆனால் இந்த விஷயத்தில் அவர் நீ சொன்னதை நம்பியவர். எழுந்து வந்துவிட்டேன். வந்து, ஏழுமலையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஏழு வீட்டுக்கும் வண்டியில் போனேன். எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். சரவணன் போன் பண்ணினான், ஒன்றும் கேட்கவில்லை, சரி என்று வைத்தோம், நேரில் வருவான் இல்லையா என்று. ஒரு வீட்டில் நீ வருவாய் என்று உனக்குப் பிடித்த கருவாட்டை எடுத்து வைத்திருந்தார்கள். செல்வி மட்டும், "இன்னா மாமா விஷயம், ஏன் உங்க மூஞ்சி இப்படி இருக்குது?" என்று கேட்டாள். நான் பெயர்ப் பலகையையும் நண்டையும் சொன்னேன். அவள் உள்ளே போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து, "அவனா சொன்னான்?" என்றாள். நான் தலையைக் குனிந்து வண்டிச் சாவியைத் தேடினேன்.

இப்போது சொல், நான் எப்படிக் கோபப்படாமல் இருப்பேன்? சென்னையில் பிறந்த ஒருவன் அந்தச் சரியை வாங்கிக்கொண்டு போயிருந்தால், பழக்கம் தெரியாதவன் என்று மன்னித்திருப்பேன். நீ வரப்பில் வளர்ந்தவன். போனில் அந்தப் பக்கம் காற்று இரைந்ததை நீ கேட்டாய். அவர்கள் கேட்கவில்லை என்பது உனக்குத் தெரிந்தது. இந்தச் சரிக்குப் பிறகு நடந்து போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று உன் காலுக்குத் தெரியும். நீ அந்தக் கண்ணாடிப் பெட்டியிலேயே நின்றுவிட்டாய். கத்தியிருந்தால் அவர்களுக்குக் கேட்டிருக்கும். கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பார்கள். அதனால் மெதுவாகச் சொன்னாய். அந்த ஆள் உன் யோசனையை எடுத்தது உனக்குத் தெரியாமல். நீ அவர்கள் கதவை எடுப்பது, உன்னைத் தூக்கி வளர்த்தவர்களுக்குத் தெரியாமல். இரண்டில் எது பெரிய திருட்டு என்று கணக்குப் போட எனக்கு விருப்பம் இல்லை. போட்டால் நீ ஜெயித்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது.

உன் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. பெரிய கம்பெனிகள் நடுவில் ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து, ஒருமுறை ஏமாந்து, மழைக்காலம் முழுக்க ரூம்கள் காலியாகக் கிடப்பதைப் பார்த்து, அடுத்த வருஷமும் இப்படித்தானோ என்று ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்திருப்பாய். சம்பளம் என்றால் தூக்கம் வரும். போக வேண்டும் என்றால் போ. உன் நாற்காலி, உன் மூளை, உன் கேமரா, உன் பக்கம், அதில் என் படம், எல்லாவற்றையும் கொண்டுபோய் அவரிடம் கொடு. நான் கொஞ்ச நாள் கத்துவேன், மூன்று மாவட்டத்தில் பறவைகள் இடம் மாறும், பிறகு சோறு போடுவேன். அது உன்னுடையது. ஏழுமலை வீட்டுக் கதவு உன்னுடையது இல்லை. நீ ஆள் கூட்டி வந்தாய். கதவைத் திறந்தவர்கள் அவர்கள். யார் உள்ளே வரலாம் என்று சொல்கிற உரிமையை நீ யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. ஒருவேளை அந்த ஒப்பந்தம் சிலருக்குப் பிடிக்கவும் செய்யலாம். ஐந்து வருஷம் நிச்சயமாக ஆள் வரும் என்றால், நண்டை விட்டுவிடுகிறேன் என்று சொல்கிற வீடும் இருக்கலாம். அதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். காதில் விழுந்த பிறகு சொல்ல வேண்டும்.

ஊர் ஊராக ஜனங்களை வரவழைக்கிற தொழிலில் இருக்கிறாய். முகம் தெரியாத ஒருவன் உன் பேச்சை நம்பி, பெண்டாட்டி பிள்ளைகளோடு ராத்திரி பஸ் ஏறி, ஏழுமலை வீட்டு மாடியில் வந்து படுக்கிறான். ஏழுமலை உன் பேச்சை நம்பி மாடி கட்டுகிறான். உன்னிடம் இருக்கிற சரக்கு அந்த ஒரு பேச்சுதான். வேறு எதுவும் உன் மேசையில் இல்லை, மேசையே வாடகை. அதைக் கேட்கிறபடி சொல். கேட்டவன் திருடிக்கொண்டு போனால் போகட்டும், நாளைக்கு இன்னொரு யோசனை வரும். உன் தலையில் அதற்குப் பஞ்சம் இல்லை. கேட்காதபடி சொல்லி வாங்கிய சம்மதத்தை வைத்து நீ என்ன கட்டினாலும், அதில் செல்வி முகத்தைப் பார்த்துக்கொண்டு உன்னால் ஒரு வாய் சாப்பிட முடியாது.

அதனால் என் முடிவைச் சொல்கிறேன். சக்கரவர்த்தி ஆணை என்று வைத்துக்கொள், கிரீடம்தான் இல்லை, தலையில் துண்டு இருக்கிறது. திங்கட்கிழமை நானும் ஏழு வீட்டுக்காரர்களும் உன் ஆபீசுக்கு வருகிறோம். ஏழுமலை கடலுக்குப் போகவில்லை. செல்வி நண்டுக் குழம்பைத் தூக்கில் எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்கிறாள். மேசைகள் தயாராக இருக்கட்டும். ஆபீஸ் அம்மாளிடம் நானே பேசிவிட்டேன். சிரித்துவிட்டு, "ஒரு நாள்தானே, பரவாயில்லைங்க" என்றார். கண்ணாடிப் பெட்டி வேண்டாம். நடுக் கூடத்தில் நில். அந்தக் காகிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, தமிழில், உன் பழைய குரலில், எங்களுக்குப் படித்துக் காட்டு. பக்கத்து மேசைக்காரரும் இருக்கட்டும், மற்ற மேசைகளும் கேட்கட்டும். படித்து முடித்த பிறகு யாருக்குச் சம்மதமோ அவர்கள் கை தூக்குவார்கள். அவர்கள் பெயரை எழுதிக்கொள். மற்றவர்கள் பெயரை அவர் கண் முன்னால் அடித்துவிடு. எந்த வரியில் உன் குரல் இறங்குகிறதோ, அந்த வரியை நீயே நம்பவில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன்.

நேற்று இதையெல்லாம் வீட்டு வாசலில் வைத்து ஏழுமலைக்குச் சொன்னேன். தெருமுனை வரை கேட்டிருக்கும், போகட்டும். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அண்ணா, அவன் அங்கயும் மெதுவாவே படிச்சான்னா?"

"கேக்கலன்னு சொல்லு."

"பெரிய ஆபீசு. அத்தினி பேரு முன்னாடி புள்ளைய எப்படி அப்படிக் கேக்கறது? பாவமா இருக்குமே."

"பாவமாத்தான் இருக்கும். ஆனா இந்தவாட்டி கேக்காம மட்டும் கைய தூக்காத."

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எழுந்து கிட்ட போயி நிக்கறேன்" என்றான்.

அப்பா